நூறு எண்ண வேண்டிய இடத்தில் ஐம்பது

திருவண்ணாமலை சின்னக்கடைத் தெருவில் ஒரு டாக்டரம்மா கிளினிக் வைத்திருந்தார். பெண்களும் குழந்தைகளும்தான் அங்கே அதிகம் வருவார்கள். எழுபதுகளின் நடுவில், வேலூரில் ஒரு வருஷ லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்த கையோடு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். வயது இருபத்தொன்று. எங்கள் வீடு பே கோபுரத் தெருவில் இருந்தது. தலையில் பூ வைத்துக்கொண்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினால், கோயில் மதிலை ஒட்டி நடந்து கால் மணி நேரத்தில் போய்விடுவேன். வேலைக்குப் போகும் பெண் என்பதால் கடைக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகப் பார்ப்பார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

கிளினிக்கின் பின்னால், முன்பு விறகு அடுக்கியிருந்த அறைதான் என் லேப். கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னல், ஒரு மேஜை, ஒற்றைக் கண்ணால் பார்க்கிற மைக்ராஸ்கோப். அதற்கு பல்பு கிடையாது. அடியில் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும். அதைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தைப் பிடித்து மேலே அனுப்ப வேண்டும். வெயில் நன்றாக இருக்கிற காலை வேளையில் ஒரு சொட்டு ரத்தம் அப்படியே பூத்துவிட்டதுபோல் தெரியும். மேகம் போட்டால் எல்லாம் சாம்பல்தான்.

விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லிசாக இழுத்து, காயவைத்து, ஊதா நிறச் சாயம் ஊற்றிக் கழுவினால் வெள்ளை அணுக்கள் நிறம் பிடித்துக்கொள்ளும். அவற்றில் ஐந்து ஜாதி. பாலிமார்ஃப் என்பதன் உட்கரு மூன்று நான்கு துண்டாக, நூலில் கோத்ததுபோல இருக்கும். உடம்பில் எங்கே புண்ணோ சீழோ, அங்கே முதலில் ஓடுவது அதுதான். ஈசினோபில் செங்கல் நிற மணிகளை வயிறு நிறைய வைத்திருக்கும். மோனோசைட் பெரிசு, முந்திரிக்கொட்டை மாதிரி வளைந்த உட்கரு, கிருமியை விழுங்குகிற வேலை. பேசோஃபில் கண்ணில் படுவதே அபூர்வம். லிம்போசைட் சின்னது, உருண்டை, பெரும்பாலும் கருநீல உட்கரு மட்டும்தான் தெரியும், சுற்றி ஒரு மெல்லிய நீல விளிம்பு. அது என்ன வேலை செய்கிறது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர்களே அப்போது இரண்டு வரிக்கு மேல் சொல்லவில்லை. நாள்பட்ட நோய்களில் கூடும், எதிர்ப்புப் பொருள் உண்டாக்குவதில் பங்கு உண்டு, அவ்வளவுதான்.

அந்த எதிர்ப்புப் பொருளை, அதாவது ஆன்டிபாடியை, எந்த மைக்ராஸ்கோப்பிலும் பார்க்க முடியாது. டைஃபாய்டு சந்தேகம் உள்ளவர்களின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீரை, குழாயில் எடுத்து, செத்த கிருமி கலந்த திரவத்தை அதோடு சேர்த்து, இளஞ்சூட்டில் வைப்பேன். மறுநாள் அடியில் பால் திரிந்ததுபோல் கட்டி கட்டியாகப் படிந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத அது உள்ளே இருந்து கிருமிகளைப் பிடித்துக் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். காலையில் வந்து குழாயைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்க்கும் அந்த ஒரு கணத்துக்காகவே நான் சீக்கிரம் போவேன்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த செல் ஈசினோபில்தான். மூச்சிரைப்பு, வறட்டு இருமல் என்று வருகிறவர்கள் அதைச் சொந்தக்காரர் பெயர்போலச் சொல்வார்கள். "போன தபா இருபது இருந்துச்சும்மா, இப்ப கம்மி ஆயிருக்கா, ஜாஸ்தி ஆயிருக்கா?" என்று ஜன்னல் வழியாகவே கேட்பார்கள்.

மொத்தம் நூறு செல் எண்ண வேண்டும் என்பது விதி. காகிதத்தில் ஐந்து கட்டம் போட்டுக்கொண்டு, ஒரு செல்லுக்கு ஒரு கோடு. நூறில் நிறுத்தினால் அதுவே சதவீதம்.

ஓர் ஐப்பசி மாதம். விடாத மழை. மூன்று நாளாக வெயிலே இல்லை. சாயங்காலம் நாலரை மணிக்கு டாக்டரம்மா ஒரு குழந்தையை என்னிடம் அனுப்பினார். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். குழந்தையின் வலது கண்ணில் வெள்ளை விழியே தெரியாமல் ரத்தம் கட்டியிருந்தது. பார்க்கவே பயமாக இருந்தது.

"அடிகிடி எதுவும் படலீங்க. தானா வந்துடுச்சு. சாப்டத எல்லாம் வாந்தி எடுத்துடுது. எளச்சிப்போச்சு" என்றாள் அம்மா.

குழந்தையின் கால் கட்டைவிரலில் குத்தினேன். வீல் என்று அழுதது. பிப்பெட் என்ற கண்ணாடிக் குழாயில் வாயால் உறிஞ்சி எடுத்து, இரண்டு ஸ்லைடு இழுத்து வைத்தேன். முதலில், கட்டம் பொறித்த எண்ணும் கண்ணாடியில் ரத்தத்தை விட்டு மொத்த எண்ணிக்கை பார்த்தேன். வழக்கமாகக் கட்டத்துக்குக் கட்டம் முப்பது, நாற்பது என்று இருக்கும் செல்கள், சந்தையில் கூட்டம் நெருக்குவதுபோல நெருக்கிக்கொண்டு நின்றன. இரண்டு தடவை எண்ணினேன். அறுபதாயிரத்துக்கு மேல். பத்தாயிரத்தைத் தாண்டினாலே நாங்கள் சிவப்பு மையில் கோடு போடுகிற காலம் அது.

வேலூரில் படித்தபோது ரத்தப் புற்றுநோயின் ஸ்லைடு ஒன்றை எங்களுக்குக் காட்டியிருந்தார்கள். பத்துப் பேர் வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிஷம் பார்த்தோம். முதிராத செல்கள், வெளிறிய பெரிய உட்கரு, அதில் ஓட்டை போட்டதுபோல் வட்டங்கள். அதை ஒரு நாள் நானே கண்டுபிடிப்பேன் என்று அப்போதே மனதில் ஓர் ஆசை இருந்தது. ஆசை என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று குழந்தையின் அப்பா வாசலில் நின்றார். கரண்டு போய்விட்டது. முதல் ஸ்லைடு சரியாகக் காய்வதற்குள் சாயத்தை ஊற்றிவிட்டேன். ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே ஜாதி உருண்டைச் செல்கள். உப்பிப்போய், வெளிறி, உட்கருவில் ஓட்டைகளோடு. நான் பார்க்க நினைத்தது அப்படியே தெரிந்தது. ஐம்பது எண்ணினேன். கண் வலித்தது. ஐம்பதோடு நிறுத்தி இரண்டால் பெருக்கி எழுதினேன். கீழே, "முதிராத செல்கள் காணப்படுகின்றன" என்று ஒரு வரி சேர்த்தேன்.

டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நிச்சயமாவாம்மா?"

"ஆமாங்க டாக்டர்."

அவர் குழந்தையின் கண்ணை மறுபடியும் விரித்துப் பார்த்தார். ரத்தக் கசிவு, மெலிந்த உடம்பு, இவ்வளவு எண்ணிக்கை. எல்லாம் என் ஒரு வரியோடு ஒத்துப்போயின. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

"இன்னா நோயிங்க?" என்று அப்பா கேட்டார்.

"ரத்தத்துல கோளாறு. அங்க பெரிய டாக்டருங்க பாத்துச் சொல்லுவாங்க."

"புத்துநோயிங்களா?"

"அங்க போய் இந்தக் கடிதாசியக் காட்டுங்க" என்றார் டாக்டரம்மா. அந்த அம்மா குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டாள். போட்ட பொத்தானையே கழற்றி மறுபடியும் போட்டாள். ஊருக்குப் போய் மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு மறுநாள் மத்தியானம் மெட்ராஸ் பஸ் ஏறுகிறோம் என்று சொல்லிவிட்டு, மழையில் முந்தானையால் குழந்தையை மூடிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை வெயில் அடித்தது. மூன்று நாள் மழைக்குப் பின் கழுவிவிட்டதுபோல் இருந்தது தெரு. லேப் கதவைத் திறந்ததும் ஸ்டாண்டில் நின்ற இரண்டாவது ஸ்லைடு கண்ணில் பட்டது. சாயம் போடாதது. இரவு முழுக்க நன்றாகக் காய்ந்திருந்தது. அந்த ஸ்லைடை எடுத்து வைத்துக்கொள்ளலாம், வேலூரில் படித்த சிநேகிதிகளுக்குக் காட்டலாம் என்றுதான் சாயம் போட்டேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கண்ணை வைத்துப் பார்த்தேன். உப்பலும் இல்லை, ஓட்டையும் இல்லை. சின்னச் சின்ன உருண்டைகள். கருநீல உட்கரு, மெல்லிய நீல விளிம்பு. நன்றாக முதிர்ந்த, ஆரோக்கியமான லிம்போசைட்டுகள். நூறு எண்ணினேன். இன்னொரு நூறு எண்ணினேன். முதிராதது ஒன்றுகூட இல்லை. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எங்கே பார்த்தாலும் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. ரத்தப் புற்றாக இருந்தால் அவை குறைந்துபோயிருக்க வேண்டும். சிவப்பணுக்களிலும் குறை இல்லை. நேற்று நான் பார்த்தது நோயை அல்ல, ஈரம் காயாத ஸ்லைடை.

அப்படியானால் இத்தனை லிம்போசைட் ஏன்? படிப்புக்காக வாங்கிய தடிப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துப் புரட்டினேன். லிம்போசைட் கூடும் காரணங்கள் என்று ஒரு பட்டியல். அதில் நாலாவது வரி, கக்குவான் இருமல்.

ஒன்பதரைக்கு டாக்டரம்மா வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஐம்பது எண்ணியதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நேராக உள்ளே வந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். ஸ்லைடை ஓரத்திலிருந்து ஓரம்வரை நகர்த்திப் பார்த்தார்.

"இருமல் இருக்கானு நானும் கேக்கல" என்றார் கடைசியில். "இருமி இருமி அந்த வேகத்துலயே கண்ணுல ரத்தக் குழாய் வெடிக்கும். வாந்தியும் வரும். நேத்து இங்க இருந்த அரை மணி நேரத்துல கொழந்த ஒரு தபாகூட இருமல. அந்த நோயி அப்படித்தான். நடுவுல நல்லாவே இருக்கும்." பிறகு, "மத்தியானம் பஸ் ஏறிடுவாங்க. நீயே போய்க் கூட்டிட்டு வா" என்றார்.

ரெஜிஸ்டரில் ஊர்ப் பெயரும் அப்பா பெயரும் இருந்தன. செஞ்சி ரோட்டுப் பஸ்ஸில் ஏறினேன். அதற்குமுன் நான் தனியாக வெளியூருக்குப் போனது படிப்புக்காக மட்டும்தான். கீழ்பென்னாத்தூரில் இறங்கி, சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நடந்தேன். வழியெல்லாம் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். மழையில் நனைந்து அது முளைத்துவிடுமோ என்ற கவலையில் ஆட்கள் அவசர அவசரமாகக் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

தெருமுனையிலேயே கேட்டது. இரண்டு மூன்று வீட்டில் குழந்தைகள் இருமுகிற சத்தம். விடாமல் பத்து, பன்னிரண்டு இருமல், பிறகு மூச்சை இழுக்கும்போது ஒரு கூவல். அதைப் புத்தகத்தில் படித்திருந்தேனே தவிர, காதால் கேட்டதில்லை. அங்கேயே நின்றுவிட்டேன்.

வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அந்த அம்மா ஒரு மஞ்சள் பையில் குழந்தையின் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து எழுந்தாள்.

"இன்னும் இன்னாங்க?" என்றாள். அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை.

"கொழந்தைக்கு இருமல் இருக்காங்க?" என்று கேட்டேன்.

"இருக்குது. ஊர்ல எல்லாப் புள்ளைங்களுக்கும்தான் கீது. கக்குவான். அதுக்கு இன்னா இப்ப?"

"எத்தினி நாளா?"

"மூணு வாரம் இருக்கும். இருமலுக்கா டாக்டரு கிட்ட வந்தோம்? கண்ணுக்குத்தானே வந்தோம்."

நின்றபடியே சொன்னேன். "அந்த இருமலாலதாங்க கண்ணு அப்படி ஆச்சு. ரத்தத்துல கூடியிருக்கறதும் அதாலதான். புத்துநோய் மாதிரி தெரியலீங்க. டாக்டரம்மா மறுபடியும் பாக்கணும்னு சொல்றாங்க. மெட்ராஸ் போறதுக்கு முன்னாடி ஒரு தபா வந்துட்டுப் போங்க."

அப்பா கூட்டத்திலிருந்து எழுந்து வந்தார்.

"நேத்து அப்படிச் சொன்னீங்க. இன்னிக்கு இப்படிச் சொல்றீங்க. யாரு எழுதுனது அந்தக் காயிதத்த?"

"நான்தாங்க. தப்பாப் பாத்துட்டேன்."

அவர் கையை ஓங்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. அந்த உயரமான மனுஷன் திரும்பி, சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா அழவில்லை. மடித்து வைத்த துணிகளைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். பிறகு ஒரு சட்டையை மட்டும் திரும்ப உள்ளே வைத்து, "வா, போலாம்" என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

பஸ்ஸில் உட்கார எங்களுக்கு ஒரே ஒரு இடம்தான் கிடைத்தது. அதில் என்னை உட்காரவைத்துக் குழந்தையை என் மடியில் கொடுத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாதி வழியில் குழந்தைக்கு இருமல் பிடித்தது. முகம் சிவந்து, பிறகு நீலம் பாரித்து, நாக்கு வெளியே வந்து, இனி மூச்சே வராது என்று நான் நினைத்தபோது அந்தக் கூவல். அடுத்த நிமிஷம் காலையில் குடித்த கஞ்சி முழுவதும் என் புடவையில். கண்டக்டர் முகம் சுளித்தார். குழந்தை களைத்துப்போய், அந்த ஈரத்தின் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டது. நான் அசையவில்லை. திருவண்ணாமலை வந்து சேரும்வரை அப்படியே இருந்தேன்.

கிளினிக்கில் அது இன்னொரு முறை இருமியது. டாக்டரம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். சந்தேகத்துக்கு இடமில்லை. மருந்து எழுதினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை ஊட்டச் சொன்னார். "லேசா நெனைக்காதீங்க. இதுவும் பொல்லாத நோய்தான். ஆனா தேறிடும்" என்றார். பிறகு அந்த அப்பாவிடம், "நேத்து நாங்க சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்க" என்றார். 'நாங்க' என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஒரு வார்த்தையால் அடுத்தவர் தப்பில் பாதியைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள ஒருவர் முன்வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது எனக்கு முழுசாகப் புரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மாவும் நானும் அந்த ஊருக்கே போனோம். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில், கக்குவானையும் தடுக்கிற முத்தடுப்பு ஊசி மருந்து. இருமல் இன்னும் தொடாத கைக்குழந்தைகளைத் தேடிப் பிடித்துப் போட்டோம். ஊசி என்றதும் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வீடு வீடாகப் போய்க் கதவைத் திறக்கவைத்தவள் அந்தக் குழந்தையின் அம்மாதான். என்ன சொல்லித் திறக்கவைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து, எண்பதுகளில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனபோதுதான் மீதியைத் தெரிந்துகொண்டேன். லிம்போசைட்டுகள் ரத்தத்திலேயே வசிப்பவை அல்ல. கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டுகிறதே, அந்த நிணநீர்க் கணுக்கள்தான் அவற்றின் வீடு. ரத்தத்தில் சுற்றிவிட்டு அங்கே திரும்பிவிடும். கக்குவான் கிருமி விடுகிற விஷம் அவை வீடு திரும்ப முடியாதபடி செய்துவிடுகிறதாம். கார்த்திகை தீபத்தன்று பஸ் கிடைக்காமல் எங்கள் ஊர்த் தெருக்களில் நெரிசலாகிப்போகும் ஜனங்களைப் போல அவை ரத்தத்திலேயே தேங்கிப்போகின்றன. அவற்றில் டி என்றும் பி என்றும் இரண்டு வகை உண்டு, பி வகைதான் ஆன்டிபாடி செய்கிற செல்லாக மாறுகிறது, டி வகையில் சிலது நோய் பிடித்த செல்லைக் கொல்லும், சிலது மற்ற செல்களுக்கு உத்தரவு கொடுக்கும் என்றெல்லாம் படம் போட்டு விளக்கினார்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டே அந்த ஸ்லைடை நினைத்துக்கொண்டிருந்தேன். மைக்ராஸ்கோப்பில் டி, பி இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அந்தக் குழந்தையின் இருமல் நிற்க அந்த வருஷம் தை மாதம் ஆகிவிட்டது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அம்மா மட்டும் தூக்கிக்கொண்டு வருவாள். நான் ஒவ்வொரு தடவையும் இருநூறு எண்ணினேன். அறுபதாயிரம் நாற்பதானது, இருபதானது. கண்ணில் கட்டியிருந்த ரத்தம் முதலில் மஞ்சளாகி, பிறகு அதுவும் கரைந்துபோனது. கடைசியாக வந்த அன்று எண்ணிக்கை ஒன்பதாயிரம். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

"நீ அதுல இன்னாதான் பாக்கற? நான் பாக்கலாமா?" என்று கேட்டாள். அதற்குள் அவளுக்கு நான் 'நீ' ஆகிவிட்டிருந்தேன்.

ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை என்றாள். அடியில் இருந்த கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பிவிட்டேன்.

"எவ்ளோ அழகா கீது" என்றாள். "இதெல்லாம் எம் பொண்ணுதா?"

"ஆமா. அந்த உருண்டையா, நீலமா இருக்குது பாரு. அதுதான் அன்னிக்கு ஜாஸ்தியா இருந்துச்சு."

"என்னுதும் இப்படித்தான் இருக்குமா?"

அவள் விரலில் குத்தி ஒரு ஸ்லைடு இழுத்தேன். காயும்வரை பொறுமையாகக் காத்திருந்தேன். சாயம் போட்டுக் கழுவி, அதை வைத்துக் காட்டினேன். மறுபடி மகளுடையதைக் கேட்டாள். மறுபடி தன்னுடையதை. மாற்றி மாற்றி நாலைந்து தடவை பார்த்தாள்.

"எது அவளுது, எது என்னுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"சீட்டு ஒட்டலன்னா எனக்கும் தெரியாது."

அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அதற்குள் குழந்தை மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எட்டி, சாயத் தட்டில் இரண்டு கையையும் வைத்துவிட்டது. உள்ளங்கை முழுக்க ஊதா. அம்மா திட்டிக்கொண்டே இழுத்துப்போய்க் குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். போகவில்லை. "ரெண்டு மூணு நாள்ல தானா போய்டும்" என்றேன். நாலு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். குழந்தை அந்த ஊதாக் கையை என் பக்கம் நீட்டி ஆட்டிக்கொண்டே போனது.